வீரையனின் லெவிப் படை

இந்த ஊரில் பார்சல் கொண்டுவருகிறவர் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதில்லை. பெட்டியை வாசற்படியில் வைத்து, கைப்பேசியில் அதைப் படம் பிடித்து, நாம் கதவைத் திறப்பதற்குள் வண்டிக்குப் போய்விடுகிறார். கொடுத்ததற்கு அந்தப் படம்தான் சாட்சி. அன்று நான் கொஞ்சம் சீக்கிரமாகக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் சமையலறை மேசையில் கிடந்த என் கணவரின் கைப்பேசி ஒலித்தது. 'வீரையன், உங்கள் பார்சல் வந்து சேர்ந்தது' என்று செய்தி. அதன் கீழே படம். படத்தில் அந்த அட்டைப்பெட்டி. அதற்குப் பின்னால் செருப்பில்லாத என் இரண்டு கால்கள், இன்னும் கழற்றாத மெட்டியோடு. வீரையன் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் உடல் இன்னும் குளிர் அறையில்தான் இருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் விளங்காது. கீழ்வேளூர் பக்கம் எங்கள் தெருவில் காலையில் ஒருவர் கண்ணை மூடினால் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்து, ஆண்கள் வாய்க்காலில் தலைமுழுகிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வீட்டில் நிற்க இடம் இருக்காது. அழுவதற்குக்கூட முறை வைத்ததுபோல ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கட்டிக்கொள்வார்கள். இங்கே இறந்தவரும் வரிசையில் காத்திருக்கிறார். ஒரு காகிதம் வர வேண்டும், இன்னொரு அலுவலகம் அதில் கையெழுத்திட வேண்டும், அடக்கத்துக்குத் தேதி கிடைக்க வேண்டும். அதுவரை எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. முதியோர் இல்லத்தில், நான் வேலை பார்க்கும் இடத்தில், விடுப்பு கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். நான் வீட்டில் இருந்தேன். சுவர்க் கடிகாரமும் நானும்.

பெட்டியைப் பிரித்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் சின்னஞ்சிறு மனிதர்கள், கட்டைவிரலின் முதல் கணு உயரம். சிலர் கையில் கம்பு, சிலர் கையில் ஒன்றுமில்லை. என் கணவர் சாவதற்கு முன் ஆர்டர் செய்த கடைசிப் படை வந்து சேர்ந்திருந்தது.

படை என்றேன். அதை விளக்க வேண்டும். நாங்கள் வந்து குடியேறியது வட இங்கிலாந்தில் ஒரு பழைய பஞ்சாலை ஊர். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு எனக்குத்தான் விசா. அவர் என்னை ஒட்டி வந்தவர். மன்னார்குடியில் வரலாறு படித்து, ஒரு தனியார் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். பள்ளி விட்டால் குத்தகை வயல். இங்கே வந்தபின் ஒரு கிடங்கில் இரவு வேலை: பெல்ட்டில் வரும் பெட்டிகளை அள்ளி வேறு பெல்ட்டில் போடுவது. பேச்சுக்குப் பேர்போன மனிதர். இங்கே வாரக்கணக்கில் என்னைத் தவிர யாரோடும் பேசாமல் இருந்தார். ஒரு சனிக்கிழமை, பஸ் வரத் தாமதமாகி, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு தேவாலயத்தின் கூடம். ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். பெரிய மேசை, மேலே பச்சை வயல், நடுவே நீல நிறத்தில் ஆறு, கரைகள், ஒரு பாலம். வயதான ஆண்கள் சுற்றி நின்று குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ வடிகால் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் என்று நினைத்து உள்ளே போய்விட்டார். இது எந்த ஆறு என்று கேட்டாராம். பருத்த மனிதர் ஒருவர், 'எந்த ஆறு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்' என்றாராம். அவர்தான் கிரகாம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அந்த மன்றத்தை நடத்துகிறவர்.

அது பொம்மைப் போர் விளையாட்டு. சிறுபிள்ளை விளையாட்டு என்று நானும் சிரித்தேன். அப்படி இல்லை. மேசைமேல் இருவர் தங்கள் படைகளை நிறுத்தி, அளவு நாடா வைத்து நகர்த்தி, பகடை உருட்டி மோதுகிறார்கள். பாதி விளையாட்டு அதற்கு முன்பே, வீட்டில், நடந்துவிடுகிறது. அதற்கு ஆர்மி லிஸ்ட் போடுவது என்று பெயர். இருவருக்கும் ஒரே புள்ளிக் கணக்கு. அதற்குள் நம் படையை அமைக்க வேண்டும். யானைக்கு விலை மிக அதிகம். குதிரை அதற்கு அடுத்து. வில்லாளிக்குக் கொஞ்சம். யானை ஒன்றை எடுத்தால் ஆட்கள் இரண்டு வரிசை குறைவார்கள். எல்லாவற்றிலும் மலிவானவர்கள் ஒரு வகை. அவர்களை முன்னால் நிறுத்துவதே எதிரியின் அம்புகள் அவர்கள்மேல் தீர்ந்துபோகட்டும் என்றுதான். அந்த வகைக்கு அந்தப் புத்தகத்தில் லெவி என்று பெயர்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் மன்றத்தில் எல்லாருக்கும் உற்சாகம். சோழர் படை லிஸ்ட் ஒன்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. கிரகாம் அந்தப் பக்கத்தை விரித்து இவர் கையில் கொடுத்தாராம், ஏதோ பூர்வீகச் சொத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல. இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கிடங்கிலிருந்து திரும்பிய களைப்போடு, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலையில் சமையலறையில் நின்று படித்தார்.

"ஏ செல்வி, இங்க பாரு. லெவின்னு போட்டுருக்கான். நெல்லு இல்ல, ஆளு."

எங்கள் மாமனார் காலத்தில் லெவி என்றால் அரசாங்கம் விவசாயிகளிடம் கட்டாயமாக அளந்து வாங்கிக்கொண்டு போகும் நெல். அந்தச் சொல்லை வீட்டில் இன்றும் ஒரு கசப்போடுதான் சொல்வார்கள். ஆளையுமா லெவியில் எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"பின்ன? வயல்ல நின்னவனப் புடிச்சி, கையில ஒரு கம்பக் குடுத்து, முன்னாடி நிறுத்தியிருப்பாங்க. ராசா பேரு கல்லுல இருக்கு, யானப்படைக்கி இருக்கு. நம்மாளு எங்க இருக்கான்னு நானும் படிச்ச காலத்துலேருந்து தேடுறேன். இவன் புத்தகத்துல இருக்கான் பாரு, ஆளுக்கு ரெண்டு புள்ளி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் போட்ட லிஸ்ட்டில் யானை இல்லை, குதிரை இல்லை, பேருக்கு ஒரு தளபதி, மற்றதெல்லாம் லெவி. விதி அனுமதிக்கும் அளவுக்கு லெவி. எங்கள் பாட்டனார்கள் பண்ணையில் கூலிக்கு நின்றவர்கள். அப்பாக்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். இவர் தலைமுறையில்தான் வாய்க்கால் ஓரமாகச் சில மா நிலம் எங்கள் பெயருக்கு வந்தது. சோழர் என்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். இவர் அந்தப் படையில் தன் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொருவனுக்கும் வண்ணம் பூசினார். கடையில் உடம்புக்கு என்று விற்கும் வண்ணம் இளஞ்சிவப்பு. அது வேண்டாம் என்று காவியையும் கறுப்பையும் கலந்து, ஒருவன் நிறம்போல் இன்னொருவனுக்கு வராமல் பார்த்துக்கொண்டார். மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு. ஒருவனுக்கு முழங்கால் வரை சேறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடியளவு தூரிகையால் கண் வைப்பார். சனிக்கிழமை எனக்கு எப்போதும் வேலை இருந்ததால் நான் அவர் விளையாடிப் பார்த்ததில்லை. திரும்பிவந்து சொல்வார், தோற்றுவிட்டேன் என்று. ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொன்னார். லெவி முதல் அடியிலேயே ஓடிவிடுவானாம், விதியே அப்படித்தானாம். ஏன் யானை எடுக்க மாட்டேன் என்கிறாய் என்று கிரகாம் கேட்டதற்கு, யானை வயலில் இறங்கினால் நெல் என்னாவது என்று தன் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். யானைக்குத் தீனி போட்டுக் கட்டுபடியாகாது என்று சொல்வதாக அவர்கள் புரிந்துகொண்டார்கள். படைக்கு உணவு வழங்கல் பற்றி வீரா ஆழமாக யோசிக்கிறார் என்று மன்றத்தில் ரொம்ப நாள் பேச்சு இருந்ததாம். இவர் மறுத்துச் சொல்லவில்லை. இந்த நாட்டில் அவரை ஆழமானவர் என்று சொன்ன இடம் அது ஒன்றுதான்.

பிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு லிஸ்ட்டில் பெயர் போட்டார்கள். ஒரு தேதி வந்தது, பிறகு தள்ளிப்போனது. யாரிடம் கேட்டாலும் லிஸ்ட்டில் இருக்கிறார், கூப்பிடுவார்கள் என்றே சொன்னார்கள். ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னேன். விமானத்தில் ஏறவே டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இவர் லெவி ஆட்களுக்குக் கண் வைத்துக்கொண்டே காத்திருந்தார். ஒரு நாள் கிடங்கு வாசலில், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவர், அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நான் அப்போது முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மேலாளர் வந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கருநீல மழைக்கோட்டு, அக்குளில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. கிரகாமை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. 'வீராவின் லிஸ்ட் விஷயமாக வந்தேன், லவ்' என்றார். இந்தப் பக்கத்தில் பஸ் டிரைவர் முதல் காய்கறிக்கடைக்காரர் வரை எல்லாரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள்; ஆஸ்பத்திரிக்காரர்களும் அப்படித்தான். என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அவர் போய்விட்டார், இப்போது எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

'தெரியும். தாமதமாகத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அவர் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த வாரக் கடைசிவரை வைத்திருக்கிறோம்.'

நான் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்து தமிழில் என்னென்னவோ கத்தினேன். கண்ணாடிக்கு அப்பால் அந்த நீலக் கோட்டு மழையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

பார்சல் வந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. அந்தச் செய்திக்குக் கீழே, திறக்காத இன்னும் சில செய்திகள். அவர் இறந்தது தெரியுமுன் மன்றத்திலிருந்து வந்தவை. வரும் சனிக்கிழமை ஆண்டுப் போட்டி. எல்லாரும் ஆர்மி லிஸ்ட்டை அனுப்புங்கள். வீரா, உங்களுடையது மட்டும்தான் பாக்கி. அதற்கு மேல் நான் வீட்டில் இருக்கவில்லை. சனிக்கிழமை பகலில், அந்தச் சாம்பல் பொம்மைகளையும் அவர் வண்ணம் பூசிய பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கூடத்துக்குப் போனேன்.

துக்க வீட்டுக்காரி வெளியே போகக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் துக்க வீடு என்று ஒன்று இருந்தால்தானே. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. கிரகாமிடம் போய், நான் உங்களை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துவிட்டேன், அவர் ஆபரேஷன் லிஸ்ட்டில் இருந்தார் என்று சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு அப்படியே குறுகியது. தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் திரும்ப நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு, 'அது உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்' என்று மட்டும் சொன்னார். டெரக் என்ற ஒல்லியான மனிதர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

அவர்கள் விரும்பியது இதுதான்: வீராவின் படை அன்று ஒரு ஆட்டம் ஆட வேண்டும். அவர் பாதி போட்டிருந்த லிஸ்ட் அவர் கைப்பேசியிலேயே இருந்தது. மீதியை நிரப்ப வேண்டும். புதிதாக வந்த சாம்பல் ஆட்களையும் சேர்த்தால் கணக்கு நிரம்பிவிடும். நான் அதைத்தான் செய்யப் போனேன். கிரகாம் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து ஒரு யானை. அவரே வண்ணம் பூசியது. நெற்றியில் பட்டம், மேலே அம்பாரி, அதில் மூன்று வீரர்கள். மாதக்கணக்கில் செய்திருப்பார் என்று பார்த்ததும் தெரிந்தது. வீராவின் பிறந்தநாளுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகச் சொன்னார். 'அவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இன்று ஒரு நாள் ஜெயிக்கட்டுமே.'

எனக்கு அந்த ஆசை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஜெயிக்க வேண்டும். பத்து வயது தொடங்கி எதற்கெல்லாமோ காத்திருந்த மனிதர். வேலை நிரந்தரமாகவில்லை, பிள்ளை தங்கவில்லை, ஆபரேஷன் தேதி வரவில்லை. இந்தப் பச்சைத் துணிமேலாவது ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போகட்டும். அவர் வேண்டாம் என்ற யானை என்று தெரிந்தேதான் போடுங்கள் என்றேன். யானைக்கு இடம் வேண்டுமானால் லெவியில் இரண்டு வரிசை வெளியே போக வேண்டும். யாரை எடுப்பது என்று கிரகாம் என்னிடம் கேட்டார். புதிதாக வந்தவர்களை முதலில் எடுத்தேன். அது போதவில்லை. வண்ணம் பூசியவர்களிலும் சிலரை எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவர்கள் முகங்களைக் கிட்டத்தில் பார்த்தேன். துண்டைத் தலையில் கட்டியிருந்தவன் என் மாமனாரைப் போலவே வாயைக் கோணலாக வைத்திருந்தான். அவனை விட்டுவிட்டு அடுத்தவனை எடுத்தேன். அடுத்தவனும் யாரையோ போல இருந்தான்.

எதிரில் டெரக், குதிரைப்படையோடு. எனக்காகக் கிரகாம் நகர்த்தினார். பகடையை மட்டும் என்னை உருட்டச் சொன்னார். முதலில் எல்லாம் நன்றாகப் போயிற்று. யானையைக் கண்டு டெரக்கின் குதிரைகள் ஒதுங்கின. சுற்றி நின்றவர்கள் மெல்லத் தலையாட்டிக்கொண்டார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பிறகு டெரக்கின் வில்லாளிகள் யானைமேல் எய்தார்கள். காயம்பட்ட யானை மிரளுமா என்று பார்க்க நான் ஒரு பகடை உருட்டினேன். மிரண்டது. எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க இன்னொன்று. கிரகாம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிமிரவில்லை. மிரண்ட யானை பின்பக்கமாக, எங்கள் ஆட்கள் நின்ற வரிசைக்குள் ஓடியது. அது போகிற வழியில் நிற்கிறவர்களை எடுத்துவிட வேண்டும் என்பது விதி.

'இதைத் திரும்ப உருட்டலாம், லவ். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்' என்றார் கிரகாம். டெரக்கும் தலையாட்டினார்.

வேண்டாம் என்றேன். நானே ஒவ்வொருவனாக எடுத்து மேசை ஓரத்தில் படுக்க வைத்தேன். துண்டு கட்டியவனையும் எடுத்தேன். அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. ஊரில் அழுவதுபோலவே, வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். இங்கே யாரும் அப்படி அழ மாட்டார்கள். அந்த ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஒருவரும் வெளியே போகவில்லை. ஒருவரும் என்னை நிறுத்தச் சொல்லவும் இல்லை. நான் முடிக்கும்வரை மேசையைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் அதோடு முடிந்தது. வீரையன் அன்றும் தோற்றார்.

ஒருவழியாகக் காகிதங்கள் வந்து சேர்ந்தன. இறுதிச் சடங்கு நிறுவனத்துப் பெண் மிகவும் அன்பானவள். தகனத்துக்கு எந்த நேரம் வசதி, சாம்பலைக் கங்கைக்குக் கொண்டுபோவீர்களா என்று கேட்டாள். நாங்கள் புதைப்போம் என்றேன். அப்படியானால் நீங்கள் இந்துக்கள் இல்லையா என்றாள். இந்துக்கள்தான், எங்கள் தெருவில் புதைப்போம் என்றேன். அவளுக்குத் தெரு என்றது விளங்கவில்லை. அது விளங்கிய ஒருவர் இருந்தார். பக்கத்து நகரத்தில் தமிழர்களுக்கு இப்படி நேரத்தில் உதவி செய்கிற பெரியவர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார்கள். தொலைபேசியில் உருக்கமாகப் பேசினார். நம்ம பக்கமா என்றார்.

"கீழ்வேளூர் பக்கம்னா எந்த ஊரும்மா? சரி சரி, தெரியும். அதுல எந்தத் தெரு?"

சொன்னேன். ஆட்களோடு கலந்து பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவில்லை. என்னைப் போலக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பெட்டி படுக்கையோடு எதுவெல்லாம் விமானம் ஏறி வருகிறது என்று நமக்குத் தெரியும்.

வீரையனைத் தூக்கியது அந்த மன்றத்து ஆண்கள். கிரகாம் முன்னால் ஒரு பக்கம், டெரக் மறு பக்கம். உயரம் ஒத்துவராமல் பெட்டி சாய்ந்தது. டெரக் நுனிக்காலில் எக்கி எக்கி நடந்தார். குழியை இயந்திரம் வெட்டியிருந்தது, வாய்க்கால் தூர்வாருவதுபோலச் சுத்தமாக. பறை இல்லை. காற்று மட்டும் இருந்தது. வாய்க்கரிசி போட நான் கடையில் வாங்கிய பொன்னி அரிசியைக் கொண்டுபோயிருந்தேன். பெட்டியை மூடுமுன் எனக்கு மட்டும் அனுமதித்திருந்தார்கள். மீதி அரிசியை ஆளுக்கொரு பிடி கொடுத்துக் குழியில் போடச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் அரிசியைக் கல்யாணத்தில்தான், மாப்பிள்ளை பெண் மேல், தூவுவார்களாம். சந்தோஷமாகத் தூவ வேண்டுமா என்று டெரக் மெதுவாகக் கேட்டார். இல்லை, அவருக்குச் சாப்பிட என்றேன். அவர் கையைத் திறந்து அரிசியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு குனிந்து, குழியின் விளிம்பில் மண்டியிட்டு, மெல்ல விட்டார்.

இந்த மார்கழியில்தான் ஊருக்குப் போக விடுப்பு கிடைத்தது. சம்பாக் கதிர் வாங்கியிருந்தது. தண்ணீர் தாமதமாக வந்ததால் கடைமடையான கீழத்தலைப்பில் பாதி வயல் வெளுத்துக் கிடந்தது. என் மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்தபின் ஒன்றுதான் கேட்டார்.

"அங்க மண்ணு எப்புடிம்மா இருக்கும்?"

"களிமண்ணுதான் அத்த. நம்மூரு மாதிரி, காலுல ஒட்டுது."

"அப்ப சரி" என்றார்.

மறுநாள் கொழுந்தன் ராசு என்னை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனான். எங்கள் இடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வரப்பில்தான் போக வேண்டும். பாடையைத் தூக்கிக்கொண்டு பயிரில் கால் படாமல் நடக்க முடியாது, அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு சண்டை. என் மாமனாரின் மேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மேடு இருந்தது. யார் என்று கேட்டேன். ராசு வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஒங்ககிட்ட சொல்லல அண்ணி. அம்மாவுக்கு மனசு ஆறல. அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கிட்டுப் போற நீலக் கட்டம் போட்ட சட்ட ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. அதப் பாடையில வச்சித் தூக்கியாந்து, அப்பா பக்கத்துல பொதச்சோம். ஊரே வந்துச்சு. பறை அடிச்சோம். எல்லாம் மொறையா செஞ்சோம்."

நான் அந்த மேட்டருகே உட்கார்ந்தேன். அங்கே உடல் இருக்கிறது, உறவு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருத்தி. இங்கே உறவெல்லாம் இருக்கிறது, மண்ணுக்குள் ஒரு சட்டை. என் விசா முடியும்போது நீட்டிப்பார்களா என்று தெரியாது. நீட்டாவிட்டால் அவர் அங்கே தனி. நீட்டினால் அத்தையை இங்கே விட்டுப் போக வேண்டும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கைப்பேசி அடித்தது. கிரகாம். அங்கே அப்போதுதான் காலை. கல்லறைத் தோட்டத்தில் நிற்பதாகச் சொன்னார். புதைத்த இடம் மறுபடி உள்வாங்கிவிட்டதாம், இந்த வருடத்தில் இரண்டாம் தடவை. பெட்டி மக்கினால் அப்படித்தான் ஆகும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். டெரக்கும் அவரும் மண் மூட்டைகளோடு வந்திருக்கிறார்கள். மண்வெட்டி கல்லில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

'உங்கள் ஊர் வழக்கப்படியே செய்துவிடலாம் என்று பார்க்கிறோம். எவ்வளவு உயரம் வைப்பீர்கள், லவ்?'

ராசு இந்த மேட்டைச் சுட்டி, போட்டது போட்டபடி இருக்கு அண்ணி, இத்தனை மழைக்கும் ஒரு விரக்கடை எறங்கல என்றான். சொன்னபின் தலையைக் குனிந்துகொண்டான். நான் குனிந்து, சட்டை புதைத்த மேட்டின் ஓரத்தில் கையை விரித்து வைத்தேன். சுண்டுவிரல் தரையில், கட்டைவிரல் மேலே. அதற்கு மேல் இன்னொரு முறை வைத்தேன்.

கையை அகல விரித்தால் வருகிற நீளம், அதுபோல் இரண்டு மடங்கு வையுங்கள் என்று கிரகாமிடம் சொன்னேன்.

'என் கையா, உங்கள் கையா?'

"என் கை" என்றேன். அங்கே அவர்கள் மண்ணைக் கொட்டத் தொடங்கினார்கள். இங்கே கையை எடுக்காமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.